காளை இருக்கிறது, கவனம்

டெரிவான் ஏரி, வடகரை
18 ஜூன் 1984

ஃபெஸ்டஸுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்து, அதை அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்து எழுதுகிறேன். அடித்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

நான் சௌக்கியம். என் தாய்மாமா செத்த பிறகு இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த வீடு, கூரை ஒழுகும் என்று நினைத்தேன். ஒழுகவில்லை. உன் கூரையைவிட மேல். மலை ஏற வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறேன், போன வாரத்திலிருந்து இரண்டு ஜெர்மன்காரப் பெண்கள் தங்கியிருக்கிறார்கள். காலையில் முட்டையும் பன்றி இறைச்சியும் போட்டால் இரண்டு பேரும் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள். மலை ஏறிவிட்டு வந்து, சகதிக் காலணியை வாசலிலேயே கழற்றி வைக்கிறார்கள். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் உன்னிடம் நான் அதைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சமையல்கட்டு ஜன்னலில் நின்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் நம் வீட்டுப் புகை தெரிகிறது. நேற்று மத்தியானம் வரை புகை இல்லை. காய்ச்சலா, சோம்பலா? கம்பளி உள்சட்டை கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருக்கிறது. உனக்கு அக்கறையாகச் சொல்லவில்லை, அங்கே இருப்பது உனக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது விஷயம். ஜூலை கடைசி ஞாயிறு, இருபத்தொன்பதாம் தேதி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அன்றைக்கு ஊரே திரண்டு க்னோக்வாரா மலையில் ஏறிக் காட்டுப்பழம் பறிக்கும். உனக்கு ஞாபகம் இருக்கும், உன் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். அந்தப் பழ ஞாயிறை மறுபடியும் நடத்தப் போகிறோம். கால்வேயிலிருந்து ஹெஸ்லிப்பின் நடைக்குழு வருகிறது. நாற்பது பேர். என் வீட்டிலிருந்து கிளம்பி, ஏரிக்கரைப் பாதை வழியாக உன் கீழ்வயலுக்கு வந்து, அந்தப் புல்மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து மலை ஏறுவோம். கீழ்க்கேட்டில் நீ சுற்றி வைத்திருக்கும் முள்கம்பியை அதற்குள் எடுத்துவிடு.

ஏன் கட்டினாய் என்று ஏப்ரலிலிருந்து கேட்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெஸ்லிப் குழுவுக்கு முதல் தடவை வழி காட்டிவிட்டு அன்றைக்கு நான் எத்தனை சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன் என்பது உனக்கே தெரியும். அவர்கள் அந்தப் புல்மேட்டில் ஆளுக்கொரு கல்லாக அடுக்கிக் குவியல் செய்தார்கள், எல்லா மலையிலும் அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். உச்சிக்கு ஒரு கல் வேண்டும் என்றார்கள். புல்லுக்குள் ஒரு வெள்ளைக்கல் கிடந்தது. நல்ல கனம், ஆட்டுக்குட்டி கனம். "குடுங்க மிஸஸ், நான் தூக்குறேன்"னு ஹெஸ்லிப் ஓடி வந்தார். "நீங்க தள்ளுங்க"ன்னு சொல்லி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் நானே உச்சியில் வைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். இதைத்தான் ராத்திரி சாப்பாட்டில் உனக்குச் சொன்னேன். நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாய். மறுநாள் கேட்டில் கம்பி. மறு வாரம் நான் மாமா வீட்டில்.

ஒரு காரணம் சொல். நல்ல காரணமாக இருந்தால் நானே அவர்களை ரோட்டு வழியாகச் சுற்றிக் கூட்டிப் போகிறேன். இல்லையென்றால் கம்பியை எடு.

அட்ராக்டா


க்னோக்வாரா அடிவாரம்
23 ஜூன் 1984

அட்ராக்டா,

கடிதம் கிடைத்தது.

காய்ச்சல் இல்லை. சதுப்பில் அடுப்பெரிக்கிற டர்ஃப் மண்கட்டி வெட்டப் போயிருந்தேன், அதனால் அடுப்பு பற்ற வைக்கவில்லை. வெட்டிக் காயப் போட்டாயிற்று, மழை விட்டால் குளிர்காலம் முழுக்க அடுப்புக்கு ஆகும். உள்சட்டை கிடைத்தது. பூச்சி அரித்திருக்கிறது.

கம்பியை எடுக்க முடியாது. போன வருஷம் எவனோ நாயை அவிழ்த்துவிட்டு இரண்டு சினை ஆடு மிரண்டு குறைக்குட்டி போட்டுவிட்டது. இப்போது கீழ்வயலில் காளை வேறு இருக்கிறது. பலகையில் எழுதியிருக்கிறது.

ரோட்டு வழியாகப் போங்கள். மலைக்கு மேல்கேட்டு வழி திறந்தே இருக்கிறது, அதை நான் எப்போதும் மூடியதில்லை.

புள்ளிக் கோழி முட்டை போடுவதை நிறுத்திவிட்டது.

ஃபெஸ்டஸ்


வடகரை
2 ஜூலை 1984

ஃபெஸ்டஸுக்கு,

உன் கடிதத்தைப் பால் சொசைட்டிக் கடையில் வைத்தே பிரித்தேன். காளை என்கிற இடம் வந்ததும் சிரித்துவிட்டேன். தபால்காரர் கோலி பக்கத்தில் நின்று, தான் கொண்டு வந்த கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மிஸஸ், இந்தப் பக்கத்துல காளை இருக்குன்னு பலகை வச்ச வயல்லதான் நான் சைக்கிளப் போட்டுட்டுப் படுத்துத் தூங்குவேன். பலகை இல்லாத வயலப் பாத்தாத்தான் எனக்குக் கால் நடுங்கும்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மானம் போகிறது, ஃபெஸ்டஸ். அந்தப் பலகையை எழுதியதே நான்தான் என்பதை மறந்துவிட்டாயா? டப்ளினிலிருந்து மீன் பிடிக்க வந்தவர்கள் வயலெல்லாம் பாட்டில் உடைத்துப் போட்ட வருஷம், வண்டிக்கொட்டகையில் உட்கார்ந்து நான் எழுதினேன். 'காளை இருக்கிறது, கவனம்'. நீ பின்னால் நின்று, "கொம்பு ஒண்ணு வரைஞ்சு விடுடி, எழுத்துப் படிக்காதவனும் ஓடட்டும்"னாய். வரைந்தேன். பார்ப்பதற்கு ஆட்டுக்கிடா மாதிரி வந்தது. இப்போது என் கை எழுத்தை வைத்து என்னையே பயமுறுத்துகிறாய். வெட்கமாக இல்லையா?

நாய் கதையும் பொய். நாய் வந்தது மேல்வயலில். கீழ்வயலில் இல்லை. ஆடுகளை நீ கீழ்வயலில் விட்டதே கிடையாது, நல்ல புல் இருந்தும் ஏன் விடுவதில்லை என்று நான் கேட்டதற்கும் பதில் சொன்னதில்லை.

ஹெஸ்லிப் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். அது வயலுக்குச் சொந்தக்காரன் இஷ்டம், உரிமை என்று ஒன்றும் கிடையாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். அதனால் ஹெஸ்லிப் கம்பி வெட்டுகிற கத்தரி வாங்கி வைத்திருக்கிறார். வங்கி வேலைக்காரர், பயந்த மனுஷர், அவருக்கே இந்த ரோஷம் வந்துவிட்டது. நான் தடுக்கப் போவதில்லை. முன்னால் நடக்கப் போவது நான்தான்.

கோழிக்குச் சோளம் போடாதே, ஓட்ஸ் போடு. எத்தனை தடவை சொல்வது?

அட்ராக்டா


க்னோக்வாரா அடிவாரம்
9 ஜூலை 1984

அட்ராக்டா,

இதை நின்று நிதானமாகப் படி. கடையில் வைத்துப் படிக்காதே.

காளை இருக்கிறது. நிஜக் காளை. பக்கத்துப் பண்ணை லைடனிடம் இரவல் வாங்கி வந்து புதன்கிழமை கீழ்வயலில் விட்டேன். அவனிடம் இரண்டு காளை உண்டு. ஒன்று சாது. நான் கேட்டு வாங்கியது மற்றது. அதற்கு பிஷப் என்று பேர் வைத்திருக்கிறான். போன மே மாதம் லைடன் தம்பியின் விலா எலும்பை முறித்தது இதுதான், கேட்டுப் பார்.

இதுவரைக்கும் பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். நீ கம்பியை வெட்டுவேன் என்று எழுதின பிறகுதான் போய்க் கொண்டு வந்தேன். சும்மா பார்த்தால் அசையாமல் நிற்கிறது. ஆள் நடமாட்டம் கண்டால் தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறுகிறது. நம் ப்ரானை வேலியோடு சேர்த்து முட்டிவிட்டது, நாய் முன்னங்காலை ஊன்ற மாட்டேன் என்கிறது. கோலி வியாழக்கிழமை தபாலோடு குறுக்கு வழியாக வந்தார். அவரும் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாண்டியிருக்கிறார். சுவர் ஏறிக் குதித்து உயிர் பிழைத்தார். கால்சட்டை பின்பக்கம் இல்லை. சைக்கிள் இன்னும் வயலிலேயே கிடக்கிறது, எடுக்கப் போக எனக்கும் தைரியம் இல்லை.

நாற்பது பேர் என்றால் அதில் வயசானவர்கள் இருப்பார்கள், ஓடத் தெரியாதவர்கள் இருப்பார்கள். நீ முன்னால் நடப்பேன் என்கிறாய். உனக்கு இடுப்பு வலி. அந்தச் சுவரை நீ ஏற மாட்டாய்.

அப்படியானால் காளையை எடுத்துவிடேன் என்று கேட்பாய். எடுக்க மாட்டேன். அந்த மேட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. நீ என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், கஞ்சன் என்று சொல், முரடன் என்று சொல், கோவில் வாசலில் நின்று சொல். வராதே. உன்னை நான் எதற்கும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

ஃபெஸ்டஸ்


வடகரை
14 ஜூலை 1984

ஃபெஸ்டஸ்,

கோலி ஊர் முழுக்கக் கிழிந்த கால்சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டார். ஒருவரும் நம்பவில்லை. "முள்கம்பில மாட்டிக் கிழிச்சுட்டு ஃபெஸ்டஸுக்குச் சாட்சி சொல்றியா? எத்தன பாட்டில் வாங்கிக் குடுத்தான்?"னு கேட்கிறார்கள். ஹெஸ்லிப்புக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மிஸஸ் மல்கெரின், இது மூணாவது காளை. எங்க குழு போற எடமெல்லாம் ஒரு காளைதான், பாத்ததுதான் இல்ல"ன்னு சிரிக்கிறார். அவர் கத்தரியோடு வருவது நிச்சயம்.

நான் நம்புகிறேன். பொய் சொன்னால் நீ இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டாய்.

நம்பியும் வருகிறேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், நீ கெஞ்சுகிறேன் என்று எழுதி என் வாயைக் கிளறிவிட்டாய்.

பெரும்பனி விழுந்த அந்த வருஷம் நம் பிள்ளை பிறந்து, சாமியார் வந்து சேருவதற்குள் செத்துப் போனான். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கோவில் கல்லறையில் இடம் இல்லை என்றார்கள். நர்ஸ் அவனை என் கையில் தரவே இல்லை. போர்வையில் சுற்றி உன் கையில் கொடுத்தாள். நீ மண்வெட்டியோடு போனாய், கையில் ரத்தத்தோடு திரும்பி வந்தாய். எங்கே வைத்தாய் என்று கேட்டேன். "ஏரிக்கரையில"ன்னு சொன்னாய். ஒரே ஒரு வார்த்தை. ஏரிக்கரை ஒரு மைல் நீளம், ஃபெஸ்டஸ். அந்த மாதிரிப் பிள்ளைகளைப் புதைக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அது இந்த ஊர் ஆண்களுக்கு மட்டும்தான் தெரியும், பெண்களுக்குச் சொல்வதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நானோ வெளியூரிலிருந்து வந்தவள். யாரிடம் போய்க் கேட்பேன்? அதற்குப் பிறகு நமக்குப் பிள்ளையும் இல்லை. நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தனியாக ஒரு பொம்பளை கரையில் நடந்தால், எதைத் தேடுகிறாள் என்று நாலு பேர் பார்ப்பார்கள். பெரிய காலணி போட்ட முப்பது பேரோடு நடந்தால் யாரும் பார்ப்பதில்லை. அதற்குத்தான் நான் இவர்களுக்கு வழி காட்டக் கிளம்பினேன். மலையும் இல்லை, பழமும் இல்லை. கரை முழுக்க நடந்தால் எங்கேயோ ஓரிடத்தில் அவன் பக்கத்தில் போய் வந்திருப்பேன், எது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அது போதும் என்று இருந்தேன். ஏப்ரலில் அந்தப் புல்மேட்டில் உட்கார்ந்திருந்தபோது மனசுக்கு அத்தனை ஆறுதலாக இருந்தது. அதை எப்படி உன்னிடம் சொல்வது என்று தெரியாமல் கல் கதையைச் சொன்னேன்.

அந்த நடையையும் முள்கம்பி போட்டு நிறுத்தினாய். இப்போது காளையை விட்டிருக்கிறாய். விடு. இருபத்தொன்பதாம் தேதி கீழ்க்கேட்டைத் தாண்டி நான் வருவேன். மற்றவர்கள் பின்னால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. முட்டினால் முட்டட்டும்.

அட்ராக்டா


க்னோக்வாரா அடிவாரம்
20 ஜூலை 1984

அட்ராக்டா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று நாளாகப் பதில் எழுதி எழுதி அடுப்பில் போட்டேன்.

நீ நடந்தது அதற்காக என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பட்டணத்து ஆட்கள் பழக்கம் உனக்குப் பிடித்துப் போய்விட்டது, என்னோடு இருந்து சலித்துவிட்டது என்று நினைத்தேன். நீ அவனை மறந்துவிட்டாய் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னைத் திட்டு.

காளையை நாளைக்கே லைடனிடம் திருப்பி ஓட்டிப் போகிறேன். அவனும் அவன் தம்பியும் கயிறோடு வருகிறார்கள். கம்பியையும் அவிழ்த்துவிடுகிறேன். நீ எப்போது வேண்டுமானாலும் வா, யாரோடு வேண்டுமானாலும் வா. உன்னைத் தடுக்க எனக்கு வாயில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர்கள் அந்த மேட்டில் உட்கார வேண்டாம். சாப்பாட்டைக் கீழே மணலில் வைத்துக்கொள்ளட்டும். அங்கே ஒரு கல்லையும் யாரும் எடுக்கக் கூடாது, சின்னக் கல்லானாலும். அவர்கள் கட்டின குவியலை நான் பிரித்துவிட்டேன். எது எங்கே என்று முடிந்தவரைக்கும் பார்த்துப் போட்டிருக்கிறேன், பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்கல்லை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதை மட்டும் யாரும் தொடாமல் நீ பார்த்துக்கொள்.

ப்ரான் காலை ஊன்றுகிறான். கோலியின் சைக்கிள் முன்சக்கரம் நெளிந்துவிட்டது, புதுசு வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் நடந்துதான் வருகிறார், கடிதம் ஒரு நாள் தாமதமாகும்.

ஃபெஸ்டஸ்


வடகரை
23 ஜூலை 1984

ஃபெஸ்டஸ்,

கோலியை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இதை வேறு எங்கேயும் நிற்காமல் நேராக உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த மேடு முழுக்க இடுப்பளவு புல். புல்லுக்குள் எத்தனையோ கல். அன்றைக்கு நீ அங்கே இல்லை. நான் எங்கிருந்து அந்த வெள்ளைக்கல்லை எடுத்தேன் என்பதை உன்னிடம் சொல்லவே இல்லை. மறுபடியும் போனால் எனக்கே அந்த இடம் தெரியாது.

அது இருந்த இடம் உனக்கு எப்படித் தெரியும்?

அட்ராக்டா


க்னோக்வாரா அடிவாரம்
25 ஜூலை 1984

அட்ராக்டா,

கோலி இரண்டு நாளாக இந்தப் பதிலுக்காக வந்து வந்து போகிறார். "பெரியவரே, ஒரு வரியாவது குடுங்க, அவங்க முகத்த என்னால பாக்க முடியல"ன்னு சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

அது அவன் கல்.

அன்றைக்கு மண் இரும்பாக உறைந்து கிடந்தது. மண்வெட்டி இறங்கவில்லை, கடப்பாரை கொண்டு வந்து தோண்டினேன். மற்றவர்கள் எல்லாம் அங்கே கிடக்கிற சாம்பல் நிறக் கல்லைத்தான் வைப்பார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. க்னோக்வாரா உச்சிக்கு ஏறிப் போய் வெள்ளைக்கல் ஒன்றைக் கொண்டு வந்து தலைமாட்டில் வைத்தேன். சுற்றிலும் பனியாக இருந்ததால் அன்றைக்கு அது இருப்பதே தெரியவில்லை. மார்ச்சில் பனி உருகின பிறகுதான் வெள்ளையாகத் தெரிந்தது.

உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னார். "அவகிட்டச் சொன்னா ராவும் பகலும் அங்கயே கெடப்பா, ஒனக்கு வீடு இருக்காது"ன்னார். கேட்டுக்கொண்டேன். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, இன்னும் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஏப்ரலில் நீ வீட்டுக்கு வந்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. சூப்பை ஊற்றிக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னாய், வெள்ளைக்கல்லை நானே தூக்கி உச்சியில் வைத்தேன், எல்லோரும் கை தட்டினார்கள் என்று. நான் என்ன செய்வது? எடுத்தது எது என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வது? நீ என்னைக் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு போனால் போகட்டும், இது மட்டும் உனக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று கம்பியைக் கட்டினேன். நீ வீட்டை விட்டே போய்விடுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. போன பிறகும் சொல்லத் தைரியம் வரவில்லை.

இப்போது என் கையாலேயே எழுதிக் காட்டிக் கொடுத்துவிட்டேன். என்னை மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி. நீ தெரியாமல் செய்தாய். அதை நினைத்து உன்னை நீ வதைத்துக்கொள்ளாதே, அதற்குப் பயந்துதான் இத்தனையும்.

ஃபெஸ்டஸ்


வடகரை
27 ஜூலை 1984

அன்புள்ள ஃபெஸ்டஸ்,

இதை அடிக்கவில்லை.

நேற்று முழுக்க அழுதேன். விருந்தாளிகளுக்குக் காலைச் சாப்பாடு போட்டுக்கொண்டே அழுதேன், வெங்காயம் என்று சொன்னேன். முட்டையில் ஏது வெங்காயம் என்று ஒரு பெண் கேட்டாள். உன்மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சீக்கிரத்தில் போகாது. செத்துப் போன மாமனார்மேலும் இருக்கிறது.

ஆனால் ராத்திரி படுத்த பிறகு வேறு ஒன்று தோன்றிற்று. அந்தக் கல் வெயிலில் சூடாக இருந்தது. ஹெஸ்லிப் கேட்டும் நான் தரவில்லை. ஏன் தரவில்லை என்று எனக்கே அன்றைக்குத் தெரியாது. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, மேடு ஏறிப் போனேன். அவனை என் கையில் ஒரு நிமிஷம்கூடத் தரவில்லையே என்று இருபது வருஷத்துக்கு மேல் எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். இனி அப்படி நினைக்க மாட்டேன். ஒரு தடவை தூக்கிவிட்டேன். அதனால் நான் வதைத்துக்கொள்வேன் என்று நீ பயப்பட வேண்டாம்.

ஹெஸ்லிப்பிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ரோட்டைச் சுற்றி மேல்கேட்டு வழியாக மலை ஏறுவார்கள், அவரே கூட்டிப் போகிறார். "என்ன மிஸஸ், கடைசில காளைக்குப் பயந்துட்டீங்களா?"ன்னு கேட்டார். ஆமாம், பெரிய காளை, என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். கத்தரியைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறாராம்.

நான் நாளைக்குச் சனிக்கிழமை வருகிறேன், ஏரிக்கரைப் பாதையில், தனியாக. நீ கீழ்க்கேட்டில் நில். மேடு வரைக்கும் முன்னால் நீ நட, எனக்கு இடத்தைக் காட்டு. அங்கே இருக்கிற மற்றப் பிள்ளைகளின் கல்லையும் புரட்டிவிட்டோம். யார் வீட்டுப் பிள்ளை எது என்று உனக்குத் தெரிந்ததைச் சொல், தெரியாதவர்களை அவரவர் வீட்டில் போய்க் கேட்போம். இந்தத் தடவை பெண்களையும் கேட்போம்.

ரொட்டி சுட்டுக்கொண்டு வருகிறேன். வீட்டுக்குள் நான் வருவேனா என்று இப்போது கேட்காதே. சகதிக் காலணியை வாசலில் கழற்றி வைத்திருக்கிறாயா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கம்பியைச் சுருட்டிக் கொட்டகையில் போடு. பலகையை எடுக்காதே, அது இருக்கட்டும். எழுத்து மங்கியிருக்கும். கறுப்புப் பெயின்டும் தூரிகையும் கொண்டு வருகிறேன், மேலே ஒரு தடவை எழுதிவிடலாம்.

உன்
அட்ராக்டா